பேர்ன், பெர்னஸ்: ஓரிடத்தில் குழந்தை, இன்னோரிடத்தில் பண்ணையாள்

கேள்வி இது: "ஸ்காட்ஸ் மொழியில் 'பேர்ன்' என்றால் குழந்தை. லிதுவேனிய மொழியில் 'பெர்னஸ்' என்றால் பண்ணையில் கூலிக்கு இருக்கும் ஆள். இரண்டும் ஒரே சொல் என்று படித்தேன். நம்பலாமா? நம்பலாம் என்றால் இதில் எது அசல் பொருள்? குழந்தை எப்படிப் பண்ணையாள் ஆனது?"

நம்பலாம். அசல் பொருளுக்குப் பக்கத்தில் நிற்பது ஸ்காட்ஸ்தான். மூன்றாவது கேள்விக்குத்தான் நீளமான பதில் தேவைப்படுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்காட்ஸ் வேறு, ஸ்காட்டிஷ் கேலிக் வேறு. கேலிக் அயர்லாந்து மொழிக்குச் சொந்தம், கெல்டிக் இனம். ஸ்காட்ஸ் பழைய ஆங்கிலத்தின் வடக்கு வட்டாரத்திலிருந்து வளர்ந்து, ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பாக நிற்கும் ஜெர்மானிய மொழி. லிதுவேனியம் பால்டிக் மொழி. லாத்வியம் அதன் நெருங்கிய உறவு. ஆக நாம் பேசுவது இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தின் இரண்டு தனித்தனிக் கிளைகளைப் பற்றி. ஐரோப்பாவின் வடமேற்கு மூலையில் ஒன்று, பால்டிக் கடலோரத்தில் இன்னொன்று.

சொல்லின் வம்சம் இப்படிப் போகிறது. பேர்ன் என்பதன் பழைய ஆங்கில வடிவம் 'பெயர்ன்'. ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் மூன்றிலும் இன்றைக்கும் குழந்தை 'பார்ன்'தான். நான்காம் நூற்றாண்டில் பைபிள் மொழிபெயர்க்கப்பட்ட கோதிக் மொழியிலும் 'பார்ன்'. பால்டிக் பக்கம் வந்தால் லாத்வியத்தில் 'பேர்ன்ஸ்', பொருள் குழந்தை. லிதுவேனியத்தில் மட்டும் 'பெர்னஸ்', பொருள் இளைஞன், பண்ணை வேலைக்காரன். வேர்ச்சொல் ஆராய்ச்சியில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து, இவை எல்லாமே 'சுமத்தல்' என்ற பொருளுடைய 'பெர்' என்ற ஆதி வேரிலிருந்து வந்தவை என்பது. லத்தீனில் அது 'ஃபெரோ', கிரேக்கத்தில் 'ஃபேரோ', சமஸ்கிருதத்தில் 'பரதி'. சமஸ்கிருத 'பார' தமிழுக்கு வந்து நம்மிடம் 'பாரம்' ஆகியிருக்கிறது. அப்படியானால் குழந்தை என்பது சுமக்கப்பட்டது. பத்து மாதம் சுமந்து பெற்றதாகச் சொல்லும் நமக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பேர்ன், பெர்னஸ் என்று அடுத்தடுத்துச் சொல்லும்போது உயிரொலி ஒத்துப்போகிறதே, அதை உறவுக்குச் சான்றாகப் பலர் காட்டுவார்கள். அது சான்று இல்லை, தற்செயல். ஜெர்மானியக் கிளையில் அந்தச் சொல்லின் உயிர் 'அ'. ஸ்காட்ஸ் மொழியில் ரகர மெய்யை ஒட்டி இன்னொரு மெய் வரும்போது முன்னிருந்த 'அ' பிற்காலத்தில் 'ஏ' பக்கம் நகர்ந்தது. கை என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆர்ம்', ஸ்காட்ஸில் 'ஏர்ம்'. பண்ணை 'ஃபார்ம்', ஸ்காட்ஸில் 'ஃபேர்ம்'. பேர்னும் இந்த வரிசையில் வந்ததுதான். பால்டிக் பக்கத்தில் 'எ' ஆரம்பம் முதலே இருக்கிறது. ஒரே வேரின் இரண்டு உயிர்நிலைகள், தனித்தனிப் பாதையில் போய், இன்று கிட்டத்தட்ட ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. ஜெர்மானியரிடமிருந்து பால்டிக்காரர்கள் கடன் வாங்கிய சொல்லாக இருந்தால் 'பர்னஸ்' என்றல்லவா எதிர்பார்க்க வேண்டும்?

ஒலி ஒற்றுமையை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு இதே இரு மொழிகளில் இன்னோர் எடுத்துக்காட்டு 'மிர்க்'. ஸ்காட்ஸில் மிர்க் என்றால் இருட்டு. 1652-இல் சூரிய கிரகணத்தால் பட்டப்பகலில் இருண்ட ஒரு திங்கட்கிழமையை அங்கே 'மிர்க் மண்டே' என்று வெகுகாலம் நினைவு வைத்திருந்தார்கள். அதே ஒலிகளை லிதுவேனியரிடம் சொல்லிப் பாருங்கள், "செத்துப் போ!" என்று கேட்கும். 'மிர்த்தி', சாவது, அதன் ஏவல் வடிவம் மிர்க். நம்மிடம் வந்து சேர்ந்த 'மரணம்' அந்த வினைக்கு உறவு. 'ஊறு' என்பதற்கான ஏவலும் மிர்க்தான், துணியோ தோலோ தண்ணீரில் ஊறுவது. ஒரே எழுத்து, ஒரே ஒலி, ஆனால் இருட்டுக்கும் இந்த ஏவல்களுக்கும் சம்பந்தம் கிடையாது. பேர்ன் விஷயம் அப்படியில்லை. அங்கே சொல் ஒன்றுதான், பொருள்தான் பிரிந்து போயிருக்கிறது.

சரி, அசல் பொருள் எது? ஜெர்மானியக் கிளை முழுக்கக் குழந்தை, லாத்வியத்திலும் குழந்தை. லிதுவேனியம் மட்டும் தனியாக நிற்கிறது. எனவே பொருள் மாறியது லிதுவேனியத்தில் என்றுதான் முடிவு கட்ட வேண்டும். எனக்கு இது ரொம்பப் பிடித்த இடம். ஏனென்றால் லிதுவேனியம் 'பழமை மாறாத மொழி' என்று பேர் வாங்கியது. உயிரோடிருக்கும் இந்தோ ஐரோப்பிய மொழிகளில் பழைய விகுதிகளை இந்த அளவுக்குக் காப்பாற்றி வைத்திருப்பது வேறில்லை என்பார்கள். அது பெரும்பாலும் சரியும்கூட. மகன் 'சூனுஸ்', சமஸ்கிருதத்திலும் 'சூனுஸ்'. பெர்னஸ் என்பதில் கடைசியில் ஒட்டியிருக்கும் 'அஸ்' அப்படிப்பட்ட பழைய எழுவாய் விகுதிதான். ஸ்காட்ஸில் அந்த வாலெல்லாம் தேய்ந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஆக, உடம்பைக் கலையாமல் வைத்திருக்கும் லிதுவேனியம் பொருளைக் கைவிட்டது. உடம்பைத் தேயவிட்ட ஸ்காட்ஸ் பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறது. பழைய மொழி என்று ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும் முன் எந்தப் பாகம் பழையது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம், குழந்தை பண்ணையாள் ஆன கதை. இது ஏதோ லிதுவேனியர்களின் விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்க நடந்திருக்கிறது. கிரேக்க 'பைஸ்' குழந்தை, அதே சொல் அடிமைக்கும். லத்தீன் 'புவெர்' சிறுவன், அடிமையும்தான். பிரெஞ்சு 'கார்சோன்' சிறுவன், ஓட்டலில் பரிமாறுகிறவருக்கும் அதே பெயர். ஜெர்மன் மொழியில் பண்ணையாளுக்கு 'க்னெஹ்ட்' என்று பேர். அதே சொல்தான் ஆங்கிலத்தில் குதிரையேறி 'நைட்' என்ற வீரப்பட்டம் ஆனது. இரண்டுக்கும் பழைய பொருள் பையன். நம் ஊரில் நாற்பது வயதுக்காரரைக் 'கடைப் பையன்' என்று சொல்வதில்லையா, அதே கணக்கு.

ஸ்காட்லாந்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. மேக்பெத் நாடகம் படித்தவர்களுக்குக் 'காடரின் தேன்' என்ற பட்டம் ஞாபகம் இருக்கும். தேன் என்பது மன்னருக்குக் கீழ் நிலமாண்ட பிரபு. அந்தச் சொல்லின் பழைய பொருள் பணியாள். அதற்கும் முந்திய உறவு கிரேக்க 'டெக்னோன்', குழந்தை. குழந்தை, பணியாள், பிரபு என்று மூன்று படி ஏறியிருக்கிறது. பெர்னஸுக்கு அந்த மூன்றாம் படி வாய்க்கவில்லை. அவன் மண்ணோடேயே இருந்துவிட்டான்.

லிதுவேனியக் கிராமத்தில் இந்தச் சொல் எப்படிப் புழங்கியது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1861-இல் ரஷ்யப் பேரரசில் பண்ணையடிமை முறை ஒழிந்த பிறகு, சொந்த நிலம் வைத்திருந்த குடியானவர் ஆட்களை ஆண்டுக் கூலிக்கு அமர்த்தினார். ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் நாள், ஆட்கள் வேலைக்குச் சேரும் நாள். கீழே மாடு மேய்க்கும் சிறுவன், மேலே ஏரோட்டும் பெர்னஸ். நடுவில் 'புஸ்பெர்னிஸ்' என்று ஒருவன். புஸ் என்றால் பாதி. அரை பெர்னஸ், அதாவது மேய்ப்பதற்குப் பெரியவன், ஏருக்குச் சின்னவன். பெண்களில் 'மெர்கா'. அந்தச் சொல்லுக்கும் இளம்பெண் என்ற பொருளும் வேலைக்காரி என்ற பொருளும் சேர்ந்தே உண்டு.

இதைத்தான் கவனிக்க வேண்டும். பெர்னஸ் என்பதற்குப் பண்ணையாள் என்று மட்டும் அகராதி சொன்னால் பாதியைத்தான் சொல்கிறது. மணமாகாத இளைஞன் என்பது அதன் மறுபாதி. வீட்டுத் தலைவனின் கூரையின் கீழ் இருக்கிறவன், தனக்கென்று அடுப்பு இல்லாதவன். அந்த வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான், கூலிக்கு வந்தவனும் அப்படித்தான். இருவரும் ஒரே ஏர் பிடிக்கிறார்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை வளர்ந்து அடுத்த வீட்டுக்கு வேலைக்குப் போகும்போது அவனைச் சுட்டும் சொல்லும் கூடவே போகிறது. கல்யாணம் ஆனால்தான் அந்தச் சொல் அவனை விட்டு நீங்கும்.

லிதுவேனிய நாட்டுப் பாடல்களைக் கேட்டால் இதே சொல் வேறு வெளிச்சத்தில் வரும். 'பெர்னெலிஸ்' என்று செல்லமாக்கிச் சொன்னால் அவன் காதலன், குதிரையேறி 'மெர்கெலே'யைத் தேடி வருகிறவன். கூலி, களம், சாணம் எதுவும் அங்கே நினைவுக்கு வராது. இன்னொரு குறுமை விகுதி சேர்த்து 'பெர்ன்யுகஸ்' என்றால் சிறுவன். இன்றைய பொதுமொழியில் பையனுக்கு இதுதான் வழக்கமான சொல். வளர்ந்து போன சொல்லை விகுதி போட்டு மறுபடி சின்னதாக்கியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்கும் 'பெர்னெலிஸ்' என்ற இந்தச் செல்லச் சொல்லாலேயே பெயர். அங்கே அது பெத்லகேமின் இடையர் பையன்களைக் குறிக்கிறது. பொதுவான குழந்தைக்கு 'வைகஸ்' என்று வேறொரு சொல் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டதால் பெர்னஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பண்ணையாள் என்ற பொருளின் கதையைச் சோவியத் ஆட்சி முடித்து வைத்தது. 1940-களின் கடைசியில் நிலமெல்லாம் கூட்டுப் பண்ணையானபோது ஆள் வைக்கும் குடியானவரே இல்லாமல் போனார். இன்று லிதுவேனிய இளைஞர்களின் பேச்சில் பெர்னஸ் என்றால் பையன், ஆள். ஒரு பெண் "என் பெர்னஸ்" என்றால் அவள் காதலன். கொஞ்சம் கொச்சை, ஆனால் சகஜம்.

இனி ஸ்காட்லாந்துப் பக்கம். அங்கே பேர்ன் குழந்தையாகவே இருந்துவிட்டது என்றேன். ஆனால் குழந்தை என்பதற்கே இரண்டு பொருள் உண்டு. ஒன்று வயது, இன்னொன்று உறவு. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் 'பேர்னின் பங்கு' என்று ஒன்று இருக்கிறது. தகப்பனோ தாயோ இறந்தால், உயில் என்ன சொன்னாலும், அசையும் சொத்தில் பிள்ளைகளுக்கென்று ஒதுங்கும் பங்கு அது. வாழ்க்கைத் துணை உயிரோடிருந்தால் மூன்றில் ஒன்று, இல்லாவிட்டால் பாதி. அறுபது வயதாகிப் பேரன் எடுத்தவரும் அந்த விஷயத்தில் பேர்ன்தான். ஃபால்கிர்க் ஊர்க்காரர்கள் தங்களையே 'பேர்ன்கள்' என்று சொல்லிக்கொள்வார்கள். அந்த ஊர்க் கால்பந்து அணிக்கும் அதுவே செல்லப் பெயர். ஃபால்கிர்க்கின் பேர்ன்களோடு மோதுவதைவிடப் பிசாசோடு மோதலாம் என்பது அவர்களுடைய ஊர் வாசகம். 'நாமெல்லாம் ஜாக் டாம்சனின் பேர்ன்கள்' என்றும் ஒரு வழக்கு உண்டு, எல்லோரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்ற தோரணையில். பெற்ற பிள்ளைக்கும் மனிதருக்கும் 'மக்கள்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது சட்டென்று புரியும்.

அப்படியானால் லிதுவேனியத்தில் நடந்த நகர்வு ஸ்காட்ஸில் நடக்கவே இல்லையா? நடந்தது, வேறு சொல்லுக்கு. ஆங்கிலத்தின் 'சைல்ட்' ஸ்காட்ஸில் 'சீல்' ஆகி, குழந்தை என்ற பொருளை இழந்து, ஆள், பையன் என்றானது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1789-இல், ஊர் ஊராகப் போய்ப் பழஞ்சின்னங்களைக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஃபிரான்சிஸ் க்ரோஸைக் கேலி செய்து, 'உங்கள் நடுவே ஒரு சீல் குறிப்பெடுக்கிறான், அச்சில் போட்டுவிடுவான்' என்று எழுதினார். அந்த 'சீலு'க்கு அப்போது வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. பேர்ன், சைல்ட் என்று இரண்டு சொல் கையில் இருந்தன. ஒன்று வீட்டிலேயே தங்கியது, மற்றது வேலைக்குக் கிளம்பிவிட்டது. லிதுவேனியத்தில் வைகஸ் தங்கியது, பெர்னஸ் கிளம்பியது.

ஸ்காட்லாந்தின் பண்ணை வாழ்க்கையும் லிதுவேனியாவிலிருந்து அதிகம் விலகியதில்லை. மே மாதமும் நவம்பர் மாதமும் ஆள் பிடிக்கும் சந்தை கூடும். பேச்சு முடிந்ததும் குடியானவர் ஒரு நாணயத்தைக் கையில் வைப்பார், பேர் 'ஆர்ல்ஸ்'. நம் அச்சாரமேதான். மணமாகாத ஆண்கள் பண்ணையிலேயே 'பாத்தி' எனப்படும் கொட்டகையில் தங்கி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை இடம் மாறுவார்கள். அவர்களிலும் ஏணி உண்டு. குதிரை ஓட்டுகிறவர்கள் மேலே, எடுபிடிப் பையன் 'லூன்' அடியில், இரண்டுக்கும் நடுவில் 'ஹாஃப்லின்'. பாதி வளர்ந்தவன் என்று பொருள். புஸ்பெர்னிஸ் என்ற சொல்லையும் ஹாஃப்லின் என்ற சொல்லையும் முதன்முதலில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது நான் சிரித்துவிட்டேன். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு ஊரும் அதே பையனை அதே கோலால் அளந்து அதே பாதி என்று சொல்லியிருக்கின்றன.

இரண்டு பொருளும் ஒரே இடத்தில் சந்திப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மறுபடி பர்ன்ஸிடம்தான் போக வேண்டும். 1786-இல் அச்சான அவருடைய தொகுப்பில், குடிசைவாசி ஒருவர் வாரக் கடைசியில் வேலை முடித்து வீடு திரும்பும் சனிக்கிழமை இரவைப் பற்றிய நீண்ட கவிதை ஒன்று இருக்கிறது. சின்னதுகள் ஓடிவந்து தகப்பனைக் கட்டிக்கொள்கின்றன. கொஞ்ச நேரத்தில் மூத்த 'பேர்ன்கள்' ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். அவர்கள் எங்கேயிருந்து வருகிறார்கள்? சுற்றுவட்டக் குடியானவர்களிடம் வேலைக்கு நிற்கிறார்கள். சிலர் ஏரோட்டுகிறார்கள், சிலர் மாடு மேய்க்கிறார்கள், சிலர் பக்கத்து ஊருக்கு ஓடி ஏவல் செய்கிறார்கள். மூத்த மகள் தான் சம்பாதித்த கூலியை, வீட்டில் கஷ்டமென்றால் கொடுக்கத் தயாராகக் கொண்டு வருகிறாள். தகப்பன் கண்ணுக்கு அவர்கள் பேர்ன்கள். அவர்கள் வாரம் முழுக்க உழைத்த பண்ணையில், லிதுவேனியத்தில் சொல்வதானால், பெர்னஸ்கள்.

கடைசியாக, இந்த இரு மக்களும் நேரில் சந்தித்தார்களா என்றும் சிலர் கேட்பதுண்டு. இரண்டு முறை சந்தித்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் லிதுவேனியாவின் கெடைனியை நகரில், ராட்ஜிவில் பிரபுக்களின் ஆதரவில், கால்வினியம் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஸ்காட்லாந்து வணிகர்கள் குடியேறி வாழ்ந்தார்கள். அவர்கள் வீட்டில் பேர்ன் விளையாடிக்கொண்டிருக்க, வாசலில் பெர்னஸ் வண்டி கட்டியிருக்கலாம். பிறகு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லிதுவேனியர்கள் ஆயிரக்கணக்கில் ஸ்காட்லாந்துக்கு வந்து, லனார்க்ஷயரில் பெல்ஸ்ஹில், கோட்பிரிட்ஜ் பக்கம் நிலக்கரிச் சுரங்கங்களிலும் இரும்பாலைகளிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களைப் போலந்துக்காரர்கள் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த லிதுவேனியர்கள் காதில் பேர்ன் அவ்வளவாக விழுந்திருக்காது. அது ஸ்காட்லாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் வழங்கும் சொல். கிளாஸ்கோ, லனார்க்ஷயர் என்று மேற்கே குழந்தைக்கு 'வேன்' என்பார்கள். நாம் ஏறிப் போகும் வேன் இல்லை, 'வீ ஏன்', சின்ன ஒன்று, இரண்டும் சேர்ந்து சுருங்கியது. அந்த 'ஏன்' என்பது ஸ்காட்ஸில் ஒன்று என்ற எண். லிதுவேனியத்தில் ஒன்று 'வியெனஸ்'. முன்னால் ஒட்டிய வகரத்தை எடுத்துவிட்டால் அதுவும் இதுவும் ஒரே ஆதிச் சொல்.